ஐம்பதில் நிற்கும் முள்

வெகாதா சைக்கிளை உருட்டிக்கொண்டு வாசலுக்கு வந்ததைப் பார்த்ததுமே எழுந்து ஓடினேன். அவள் சைக்கிளை உருட்டுகிற ஆள் இல்லை. ரொட்டிக் கடைக்குக்கூட மிதித்துத்தான் போவாள்.

என் மனைவி அப்ரெஹெத்தின் தங்கை. இருபத்திரண்டு வயது. எங்களோடுதான் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை பந்தயத்தில் முதல் நான்கு பெண்களை வெளிநாட்டுப் போட்டிக்கு அனுப்பப் போகிறார்கள். எங்கள் ஊர் அஸ்மராவிலிருந்து கீழே நெஃபாசித் வரை மலையில் இருபத்தைந்து கிலோமீட்டர் இறங்கி, அங்கே திரும்பி மறுபடி ஏற வேண்டும். ஏற்றத்தில் அவளை அடிக்க ஆளில்லை. இறக்கத்துக்காகத்தான் புதன்கிழமை காலையில் பழகப் போயிருந்தாள்.

"ஹேண்டில்பார் கீழ சுத்திக்கிச்சு அத்தான்" என்றாள். முழங்கையில் ரத்தம் காய்ந்திருந்தது. "அர்பரோபா கிராமத்துக்குக் கீழ மூணாவது வளைவு. பிரேக்கைப் பிடிச்சுச் சாஞ்சேன். கதவுக் கைப்பிடி மாதிரி அப்படியே இறங்கிடுச்சு."

"அப்புறம்? எப்படி நிறுத்துன?"

"நான் எங்க நிறுத்துனேன்? ஆட்டு மந்தை ஒண்ணு நின்னுச்சு, அதுல போய் விழுந்தேன். அந்த ஆட்டுக்காரன் என்னை ஒரு வார்த்த கேக்கல. ஒவ்வொரு ஆடா தடவிப் பாத்துக்கிட்டே இருந்தான்."

சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. ஆடுகள் இல்லாத நாளில் அந்த வளைவில் என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியும். முழங்கால் உயரத்துக்கு ஒரு கல் சுவர். அதற்கப்பால் சப்பாத்திக்கள்ளியும் வெறும் காற்றும்.

அந்த ஹேண்டில்பாரை முறுக்கியவன் நான்.

எங்கள் சைக்கிள் கிளப்பின் மெக்கானிக் ஆண்கள் அணியோடு வெளிநாடு போயிருந்தார். அதனால் திங்கட்கிழமை வீட்டிலேயே நான் மாட்டிக் கொடுத்தேன். புதிய கார்பன் ஹேண்டில்பார். அதைக் கவ்விப் பிடிக்க நான்கு சிறு போல்ட்டுகள். பக்கத்திலேயே எவ்வளவு முறுக்க வேண்டும் என்று பொடி எழுத்தில் அச்சிட்டிருந்தது: ஐந்து. அந்த ஐந்தை அளந்து முறுக்க, டாக்ஸி கராஜ் வைத்திருக்கும் சாலிஹிடமிருந்து டார்க் ஸ்பேனர் இரவல் வாங்கி வந்தேன். சொன்ன அளவு வந்ததும் 'டிக்' என்று கையில் தட்டும் வகை. நான்கு போல்ட்டிலும் தட்டியது.

எங்கள் கிளப்பில் ஒரு வழக்கம் உண்டு. ஹேண்டில்பாரையோ பிரேக்கையோ யார் முறுக்குகிறாரோ அவரே அந்த சைக்கிளில் அர்பரோபா இறக்கத்தில் முதலில் இறங்கிக் காட்ட வேண்டும். அதற்குப் பிறகுதான் ஓட்டுகிறவர் கையில் கொடுப்பார்கள். எந்தத் தாளிலும் எழுதி வைத்ததில்லை. ஆனால் அப்படி இறங்காத சைக்கிளின் பெயரைக் கேப்டன் பந்தயப் பட்டியலில் எழுத மாட்டார்.

எட்டு வருஷத்துக்கு முன் நான் அந்த இறக்கத்தில் விழுந்தேன். தோள்பட்டை எலும்பும் இரண்டு விலா எலும்பும் போயின. அதன் பின் ஊருக்குள் சமதளத்தில்தான் ஓட்டுகிறேன். திங்கட்கிழமை ஸ்பேனர் தட்டியபோது, "மெஷினே சரின்னு சொல்லிடுச்சே, நான் வேற எதுக்கு இறங்கணும்?" என்று வெகாதாவிடம் சொன்னேன். அவளும் தலையாட்டினாள். நான் இறங்கிவிட்டதாகக் கேப்டனிடம் அவளே போய்ப் பொய் சொன்னாள். எனக்குப் பயம் என்று அவளுக்குத் தெரியும். தெரியாதது போல நடந்துகொண்டதுதான் அவள் எனக்குக் காட்டிய மரியாதை.

அப்ரெஹெத் தன் மசாலாக் கடையிலிருந்து மிளகாய்ப்பொடி கையோடு வந்து நின்று எல்லாவற்றையும் கேட்டாள்.

"டிக்குன்னு சொல்லுச்சாம்ல? நம்ம கேஸ் அடுப்புகூடத்தான் டிக்கு டிக்குங்குது. அதுக்காக பத்திக்கிச்சுன்னு அர்த்தமா?"

"நான் அளந்துதான்..."

"இவ அந்தப் பக்கம் போயிருந்தா நான் யார்கிட்டப் போய் அழுவேன் கிஃப்லோம்? அந்த ஸ்பேனர்கிட்டயா?"

"அக்கா, விடு. நாளைக்கு நானே இன்னும் கொஞ்சம் இறுக்கிக்கிறேன்."

"கைய வைக்காத!" என்று கத்தினேன். இருவரும் என்னைப் பார்த்தார்கள். அடுத்து என் வாயிலிருந்து வந்ததை நான் யோசித்துச் சொல்லவில்லை. "நான் சரியா மாட்டித் தர்றேன். சனிக்கிழமை நானே இறங்குறேன்."

வெகாதா, "வேணாம் அத்தான்" என்றாள். அப்ரெஹெத் தங்கையின் முழங்கையைத் தண்ணீரில் துடைத்துக்கொண்டே, "இறங்கட்டும்" என்றாள்.

அன்று இரவு நான் தூங்கவில்லை.

வியாழக்கிழமை அச்சக வேலை முடிந்ததும் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு சாலிஹின் கராஜுக்குப் போனேன்.

"உன் ஸ்பேனர் பொய் சொல்லுது சாலிஹ்."

"என் ஸ்பேனரா?" அவன் டீயைக் கீழே வைத்தான். "பதினாறு வருஷமா டாக்ஸிங்களுக்கு இதுலதான் ஸ்பார்க் பிளக் மாட்டுறேன். ஒரு பிளக் கழண்டு விழுந்ததுண்டா? மொதல்ல நீ எதுக்குய்யா டேப்பப் பிரிச்ச?"

கைப்பிடியின் மேல் சுற்றியிருந்த டேப்பை நான்தான் பிரித்து, அளவை ஐந்துக்கு இறக்கியிருந்தேன்.

"டேப்பு எதுக்கு?"

"பசங்க திருகிடுவானுங்க. பிளக்குக்கு இருபத்தஞ்சு. வாங்குன அன்னைக்கு இருபத்தஞ்சுல வெச்சு ஒட்டுனது. அதுக்கப்புறம் நீதான் தொட்டிருக்க."

"பதினாறு வருஷமா இருபத்தஞ்சுலயேவா இருந்துச்சு?"

"பின்ன? ஊர்ல இருக்கிற டாக்ஸி எல்லாம் ஒரே மாடல். ஒரே பிளக்கு. எதுக்கு மாத்தணும்?"

அங்கேயே ஒரு டயர் மேல் உட்கார்ந்தேன். இந்த வகை ஸ்பேனருக்குள் ஒரு ஸ்பிரிங் இருக்கிறது. அளவைக் கூட்டினால் அது அமுங்கும். வேலை முடிந்ததும் தளர்த்தி வைக்க வேண்டும் என்று எங்கோ படித்திருக்கிறேன். பதினாறு வருஷம் ஒரே நிலையில் அமுங்கிக் கிடந்த ஸ்பிரிங், ஒரே ஆள் படுத்துத் தொய்ந்த கட்டில் மாதிரி ஆகியிருக்கும். இருபத்தைந்தில் அது பிளக்கைப் பிடித்திருக்கலாம். ஐந்தில் அது என்ன சொல்கிறது என்று உலகில் யாருக்கும் தெரியாது. அதை நம்பித்தான் நான் அந்தப் பெண்ணை மலையில் இறக்கினேன்.

சாலிஹ் நான் உட்கார்ந்த விதத்தைப் பார்த்துக் குரலைத் தணித்தான். "விடுய்யா. கையாலயே முறுக்கு. சந்தேகமா இருந்தா இன்னும் ஒரு கால் சுத்து. அவ்வளவுதான?"

"இரும்பா இருந்தா நீ சொல்றது சரி. இது கார்பன். கூட முறுக்கினா உள்ளுக்குள்ள விரிசல் விடும், வெளிய தெரியாது. ஒரு நாள் பிரேக்கைப் பிடிச்சுச் சாயறப்ப பட்டுன்னு முறிஞ்சுடும்."

"கம்மியா முறுக்கினா?"

"புதன்கிழமை நடந்ததுதான்."

அவன் டீயை எடுத்து ஒரே மடக்கில் குடித்தான். பிறகு, "இப்படி ஒரு வண்டிய யாருய்யா பொம்பளப் புள்ளைக்கு வாங்கிக் குடுத்தது?" என்றான். வேறு ஹேண்டில்பார் ஊரில் கிடைக்காது. கிடைத்தாலும் அதையும் யாராவது முறுக்கித்தான் ஆக வேண்டும்.

வெள்ளிக்கிழமை மதியம் அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு மெதெபெர் சந்தைக்குப் போனேன். எண்ணெய்ப் பீப்பாய்களைத் தட்டி அடுப்பும் தட்டும் செய்கிற சத்தத்தில் அங்கே எல்லோரும் கத்தித்தான் பேசுவார்கள். பழைய கருவிகள் விற்கும் தெக்லே இரண்டு டார்க் ஸ்பேனர்களை எடுத்துச் சாக்கின் மேல் வைத்தான். ஒன்று புதிது. கண்ணாடித் திரையில் எண் காட்டும். இன்னொன்று கறுத்துப் போயிருந்தது. ஒரு தடித்த கம்பி. அதன் தலையிலிருந்து கைப்பிடி வரை ஒட்டாமல் நீளும் மெல்லிய முள். முள்ளின் நுனிக்குக் கீழே எண்கள் வெட்டிய தகடு. முறுக்கும்போது கம்பி வளையும், முள் வளையாது. எவ்வளவு வளைந்தது என்று முள் காட்டும்.

"புதுசு எவ்வளவு சரியா இருக்கும்?"

"நூத்துக்கு ரெண்டு பங்குகூடத் தப்பாதுன்னு டப்பாவுல போட்டிருந்துச்சு."

"டப்பா எங்க?"

"டப்பா இல்ல."

"பேட்டரி?"

"உள்ள ஒண்ணு இருக்கு. அது தீந்தா வேற கிடைக்காது. வெளிநாட்டுலேர்ந்து யாராச்சும் வந்தா சொல்லி வை."

கறுத்ததைக் கையில் எடுத்தேன். "இது டிக்குன்னு சொல்லுமா?"

"அது எதையும் சொல்லாது. நீதான் பாத்துச் சொல்லணும்."

எனக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. எனக்கு வேண்டியிருந்தது, எனக்குப் பதிலாகச் சொல்லும் ஒன்று. தெக்லே என் முகத்தைப் பார்த்துவிட்டு இரண்டையும் சாக்கில் சுற்றினான். "எடுத்துட்டுப் போய்ப் பாரு. ஒண்ண வெச்சுக்க, இன்னொண்ணத் திங்கக்கிழமை திருப்பிக் குடு. திங்கக்கிழமை வருவேல்ல?"

"ஏன் அப்படிக் கேக்குற?"

"சும்மா கேட்டேன்யா. அதுக்கு ஏன் இப்படி வேர்க்குது உனக்கு?"

மாலையில் அப்ரெஹெத் கடையை மூடியதும் மூவரும் அங்கேயே சோதித்தோம். தராசுக்கு எடைக்கற்கள் அவளிடம்தான் இருந்தன. மேஜை விளிம்பில், திருகி இறுக்கும் என் வைஸைப் பொருத்தி, அதில் ஸ்பேனரின் தலையைக் கவ்வ வைத்தேன். கைப்பிடி தரைக்கு இணையாக நீட்டிக்கொண்டிருந்தது. தலையிலிருந்து இருபத்தைந்து சென்டிமீட்டரில் நூல் கட்டி இரண்டு கிலோவைத் தொங்கவிட வேண்டும். பெருக்கினால் ஐம்பது. ஹேண்டில்பாரில் எழுதியிருக்கிற ஐந்து நியூட்டன்-மீட்டர் என்பது, கறுத்த ஸ்பேனரின் கிலோ-சென்டிமீட்டர் கணக்கில், இந்த ஐம்பதுதான். ஒன்று கூடும், அவ்வளவே.

முதலில் சாலிஹின் ஸ்பேனர். ஐந்தில் வைத்தேன். அப்ரெஹெத் ஒவ்வொரு கல்லாகக் கட்டினாள். ஒன்றேகால் கிலோவிலேயே தட்டிவிட்டது.

பாதிக்குக் கொஞ்சம் மேல். அந்தப் பாதியை நம்பி அவள் பிரேக் பிடித்திருக்கிறாள். அப்ரெஹெத் ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தேன். அவள் நூலை அவிழ்த்துக் கல்லை எடுத்து வைத்தாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

புதியது முதல் முறை சரியாகக் காட்டியது. இரண்டாம் முறையும் சரி. மூன்றாம் முறை அதே இரண்டு கிலோவுக்கு ஆறு என்று காட்டி, மங்கி, அணைந்தது. தட்டிப் பார்த்தேன். திரும்ப எரிந்து, ஒன்றுமே தொங்காதபோது இரண்டு என்றது.

"இது நம்ம கேப்டன் மாதிரி" என்றாள் வெகாதா. "காலைல ஒண்ணு சொல்லும், சாயங்காலம் ஒண்ணு சொல்லும்." மிளகாய் நெடியில் தும்மினாள்.

கறுத்த ஸ்பேனரின் முள் சும்மா இருக்கும்போதே மூன்றில் நின்றது. விரலால் மெல்ல வளைத்துப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தேன். இரண்டு கிலோவைக் கட்டினாள். முள் ஐம்பதில் நின்றது. எடுத்தாள், பூஜ்யத்துக்கு வந்தது. கட்டினாள், ஐம்பது. பத்து முறை செய்தோம். ஆறாவது முறையிலிருந்து வெகாதா கண்ணை மூடிக்கொண்டு "அம்பது, அம்பது" என்று பாட ஆரம்பித்தாள்.

எனக்கு வேறு பயம் வந்தது. "இந்தக் கல்லு சரியான எடைதானா?"

அப்ரெஹெத் நிமிர்ந்தாள். "என்ன கேட்ட?"

"இல்ல... தேஞ்சிருக்கும்ல."

"பதினோரு வருஷமா இந்தக் கல்லுல எடை போட்ட காசுலதான் நீ திங்கற. இப்ப வந்து கேக்குற." சொல்லிவிட்டு அலமாரிக்குப் போனாள். முத்திரை பிரிக்காத ஒரு கிலோ சர்க்கரைப் பொட்டலங்கள் இரண்டை எடுத்துவந்து தராசின் மறு தட்டில் வைத்தாள். தராசு முள் நடுவில் நின்றது. அவளும் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் நின்றாள் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

கறுத்ததையே எடுத்துக்கொண்டேன்.

ஹேண்டில்பாரைக் கழற்றி, கவ்வும் இடத்தைத் துடைத்து, கைவிளக்கில் ஒவ்வொரு விரற்கடையாகப் பார்த்தேன். கீறல் இல்லை. மறுபடி வைத்து எதிரெதிர் மூலைகளாக, கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கினேன். இருபது. முப்பது. நாற்பது. முள் ஐம்பதைத் தொட்டபோது கை நிற்க மறுத்தது. இன்னும் ஒரு மயிரிழை என்றது. புதன்கிழமையை நினைத்தால் அறுபது வரை போகலாம் என்றது.

"அம்பதுன்னுதான கணக்குப் போட்டோம்?" என்றாள் அப்ரெஹெத்.

கையை எடுத்தேன். நான்காவது போல்ட்டை முறுக்கும்போது உள்ளிருந்து மெல்லிய கிறீச் சத்தம் வந்தது.

மூவரும் அசையவில்லை.

"பெயிண்ட் உரசுது" என்றாள் வெகாதா.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாது."

மறுபடி நான்கையும் கழற்றினேன். விளக்கை வைத்துப் பார்த்தேன். நகத்தால் தடவினேன். ஒரு நாணயத்தால் நெடுகத் தட்டிக் காதை வைத்துக் கேட்டேன். எங்கும் ஒரே ஓசை. மறுபடி முறுக்கினேன். அதே இடத்தில் அதே கிறீச். உள்ளே விரிசல் விட்டால் அதன் சத்தம் எப்படி இருக்கும் என்று நான் கேட்டதில்லை. கேட்டவர்கள் யாரும் எனக்குப் பழக்கமில்லை.

சனிக்கிழமை காலை ஆறரைக்கு ஊர் விளிம்பில் நானும் வெகாதாவும் நின்றோம். நான் கார்பன் சைக்கிளில். அவள் தன் பழைய இரும்பு சைக்கிளில், என் பின்னால். கீழிருந்து மேகம் ஏறி வந்திருந்தது. முப்பது அடிக்கு மேல் சாலை தெரியவில்லை.

"கொஞ்சம் வெளுக்கட்டுமா?" என்றேன்.

"பத்து மணிக்கு இன்னும் மோசமா ஆகும். உங்களுக்குத் தெரியாததா?"

இறங்கினேன். முதல் இரண்டு கிலோமீட்டர் பிரேக்கை விடவே இல்லை. பிரேக் பிடிகளில் எடையைப் போடாமல் விரல் நுனியால் பிடித்தேன். ஹேண்டில்பாரைத் தவிர வேறெதையும் பார்க்க முடியவில்லை. ஒரு லாரி மேகத்துக்குள்ளிருந்து விளக்கோடு வெளிப்பட்டு உரசாத குறையாகப் போனது. அதன் காற்றில் சைக்கிள் ஆடியபோது ஹேண்டில்பாரின் கழுத்துக்குள்ளிருந்து ஏதோ கிறீச்சிட்டதாகத் தோன்றியது. நின்றுவிட்டேன்.

வெகாதா பக்கத்தில் வந்து நின்றாள். "என்ன ஆச்சு?"

"சத்தம் கேட்டுச்சா?"

"லாரி ஹாரன் கேட்டுச்சு. அத்தான், கோவிச்சுக்காதீங்க. நீங்க பிரேக்கத் தடவிக்கிட்டே எறங்குறீங்க. வண்டியில சாயவே இல்ல. இப்படி எறங்கினா அந்த ஹேண்டில்பார நூலால கட்டியிருந்தாக்கூட நிக்கும்."

அவள் சொன்னது உண்மை. நான் எதையும் சோதித்துக்கொண்டிருக்கவில்லை. திங்கட்கிழமை சொன்ன பொய்யையே மெதுவாகத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"வேணாம்னா இங்கயே நிறுத்திக்கலாம்" என்றாள். "ஞாயித்துக்கிழமை நான் வரலேன்னு கேப்டன்கிட்டச் சொல்லிடறேன். முழங்கை வலின்னு சொல்லிக்கலாம்." குரலில் குத்தல் இல்லை. அவள் கண்கள் சாலையில் இல்லை, ஹேண்டில்பாரில் இருந்தன. அவளுக்கும் பயம் என்று அப்போதுதான் பார்த்தேன்.

பிரேக்கை விட்டேன்.

அர்பரோபா வீடுகள் இடப்பக்கம் வந்து மறைந்தன. முதல் கொண்டை ஊசி வளைவில் பாதி எடையோடு பிடித்தேன். நின்றது. இரண்டாவதில் முக்கால். கண்ணில் தண்ணீர் வழிந்து காதுக்குப் போயிற்று. மூன்றாவது வளைவின் கல் சுவர் மேகத்திலிருந்து நான் நினைத்ததைவிட விரைவாக வந்தது. எட்டு வருஷமாகக் கனவில் பார்த்த அதே சுவர், வெள்ளை பூசி, அழுக்காக. முன்னால் சாய்ந்து, இரண்டு பிரேக்கையும் முழுப் பலத்தோடு இழுத்து, உடம்பின் மொத்த எடையையும் அந்த நான்கு போல்ட்டுகளின் மேல் போட்டேன். ஏதோ அலறியது. பிரேக் கட்டைகளா நானா என்று தெரியவில்லை. பின்சக்கரம் தூக்கிக்கொண்டது. ஹேண்டில்பார் கையில் அப்படியே இருந்தது.

வளைந்து வெளியே வந்து சுவரோரம் நிறுத்தினேன். விரல்களைப் பிரிக்க முடியவில்லை. வெகாதா வந்து ஒவ்வொன்றாக எடுத்துவிட்டாள். பிறகு குனிந்து ஹேண்டில்பாரைக் குறுக்கும் நெடுக்குமாகப் பார்த்தாள். பிரேக் பிடிகளைப் பிடித்து முழு எடையோடு கீழே அமுக்கினாள். இரண்டு முறை.

"ஒரு நூலளவுகூட நகரல."

"திரும்ப அமுக்கு."

"அமுக்கிட்டேன். நீங்க எறங்கியாச்சு, இப்ப எங்கிட்டக் குடுங்க."

தடுக்க ஒரு காரணம் தேடினேன். கிடைப்பதற்குள் அவள் சைக்கிளில் ஏறிக் கீழே போய்விட்டாள். பின்சக்கரத்தின் கிரகிரப்பு மேகத்துக்குள் தேய்ந்தது.

என் பயத்தை நான் இதுவரை தப்பாக அளந்திருக்கிறேன் என்று அந்தச் சுவரருகே நின்றபோது தெரிந்தது. நான் ஓட்டும்போது இருந்தது சிறியது. கீழே எங்கோ ஒரு லாரி நீளமாக ஹாரன் அடித்தது. பிரேக் கிறீச்சிட்டது. அதற்குப் பின் எதுவும் இல்லை. நான் எண்ண ஆரம்பித்தேன். எழுபதில் விட்டுப்போய் மறுபடி ஒன்றிலிருந்து எண்ணினேன். மேகம் ஓரிடத்தில் கிழிந்தபோது வெகு கீழே சாலையின் ஒரு துண்டு தெரிந்தது. காலியாக இருந்தது. மேகம் மூடிக்கொண்டது. அடுத்த முறை கிழிந்தபோது அதற்கும் கீழே, நெஃபாசித் பக்கம், ஒரு சிவப்புப் புள்ளி வளைவில் சாய்ந்து எழுந்து போனது. அது அவள் சட்டைதான் என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது.

ஒரு மணி நேரத்துக்கு மேல் அந்தச் சுவரில் உட்கார்ந்திருந்தேன். கடைசியில் மூச்சிரைக்கும் சத்தம்தான் முதலில் வந்தது. பிறகு மேகத்துக்குள்ளிருந்து அவள் தலை, தோள், ஹேண்டில்பார். எழுந்து நின்று ஏறிக்கொண்டிருந்தாள். நிற்கவில்லை.

"நாளைக்கு எறங்குறேன்!" என்று கத்தினாள். "அதுவரைக்கும் அந்தப் போல்ட்டுல யாரும் கைய வைக்கக் கூடாது! நீங்களும்தான் அத்தான்!"

பழைய சைக்கிளை எடுத்து அவள் பின்னால் மிதிக்கத் தொடங்கினேன். ஏற்றத்தில் எனக்குப் பயம் இருந்ததில்லை. நாளைக் காலை இதே வளைவில் நாற்பது பெண்களுக்கு நடுவே, இன்று நான் வந்த வேகத்தைப் போல் இரண்டு மடங்கில் அவள் வருவாள் என்பதை மட்டும் நினைக்காமல் இருக்கப் பார்த்தேன்.